ஒரு நரிக்காக நாஞ்சில் நாட்டுக்கு

எங்கள் ஊரில் வெளிநாடு போய்வந்தவன் நான் ஒருவன்தான். கப்பல் ஏறவில்லை. ஆனால் வேறு ராஜா, வேறு நாணயம், எல்லையில் மூட்டையை அவிழ்த்துக் காட்டச் சொல்லும் சுங்கச் சவுக்கை, இத்தனையும் இருந்தால் அது வெளிநாடு இல்லாமல் என்ன? திருவிதாங்கூர் ராஜ்யத்துக்கு மற்றவர்கள் வியாபாரத்துக்குப் போவார்கள், கோவில் குளத்துக்குப் போவார்கள். நான் நரி பிடிக்கப் போனேன்.

சேலத்துக்குக் கிழக்கே எங்கள் ஊர். பொங்கல் கழிந்து கரிநாளன்று நரி முகத்தில் விழிப்பது அங்கே வழக்கம். காட்டில் வலை கட்டி ஒரு நரியை உயிரோடு பிடித்து, பின்பக்கமாகப் போய் முகத்தில் துணியைப் போட்டு, மாரியம்மன் கோவிலுக்குத் தூக்கி வருவோம். அங்கே மாலை போட்டுத் துணியை எடுத்தால் ஊரே பார்க்கும். பிறகு காலில் நீளக் கயிறு கட்டிக் கோவிலைச் சுற்றி ஓடவிட்டு, காட்டோரம் கொண்டுபோய் அவிழ்த்துவிடுவோம். அதன் உடம்பில் ஒரு கீறல் விழக்கூடாது. கோவிலுக்கு வருமுன் அதன் முகத்தை யாரும் பார்க்கவும் கூடாது. பார்த்தால் ஊருக்கு வரவேண்டிய அதிர்ஷ்டம் பார்த்தவனிடமே தங்கிவிடும் என்பார்கள்.

நரியைக் கொண்டுவரும் உரிமை எங்கள் வீட்டுக்கு. கொண்டுவருகிற வீட்டுக்குத்தான் கோவிலில் முதல் மாலை. என் தகப்பனார் இருந்தவரை ஒரு வருஷமும் தவறியதில்லை. அவர் போனபிறகு பொறுப்பு என் தலையில் விழுந்தது. நரிகளும் அதைக் கேள்விப்பட்டிருக்க வேண்டும். காட்டை அழித்து நிலக்கடலை போட்டதில் அவை எங்கேயோ போய்விட்டன. இரண்டு வருஷம் வெறும் வலையைச் சுருட்டிக்கொண்டு திரும்பினேன். மூன்றாவது தடவையும் தவறினால் உரிமை என் பங்காளி பழனியப்பன் வீட்டுக்குப் போகும் என்று ஊர்க்கூட்டத்தில் முடிவு செய்தார்கள். பழனியப்பன் அன்றைக்கே புது வலை வாங்கிவிட்டான்.

"அவங்க ஊட்டுக்கு மொத மாலை போறதை நான் பாக்க மாட்டேன். எங்கப்பன் ஊட்டுக்குப் போயிருவேன்" என்று என் மனைவி சொன்னாள். அவள் சொன்னால் செய்கிறவள்.

அந்தக் கூட்டத்தில்தான் என் நாக்கு என்னைக் கேட்காமல் எழுந்து பேசியது. திருவிதாங்கூர் ராஜ்யத்தில், நாஞ்சில் நாட்டுக் கோட்டாற்றில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் அசனார் சாயிபு சேலம் வேட்டி வாங்க வரும்போதெல்லாம் என் தறிக்கும் வருவார். அவர் ஒரு தடவை, தங்கள் பக்கம் நரித்தொல்லை தாங்கவில்லை என்று சொல்லியிருந்தார். அதை வைத்துக்கொண்டு, "நாஞ்சில் நாட்டுல எனக்குத் தெரியாத ஆளில்லை. அங்கிருந்து ராஜநரியாக் கொண்டாறேன்" என்று அறிவித்துவிட்டேன். எனக்கு அங்கே தெரிந்தது அசனார் சாயிபு மட்டும்தான்.

கோட்டாற்றில் நான் இறங்கியபோது புழுதியில் பஸ்ஸும் நானும் ஒரே நிறத்தில் இருந்தோம். வழியில் இரண்டு இடத்தில் இரும்புக் கம்பியால் முன்பக்கத்தைச் சுற்றிச் சுற்றி அதற்கு உயிர் கொடுத்தார்கள். ஆரல்வாய்மொழிச் சவுக்கையில் என் வலையை விரித்துப் பார்த்த சேவகன், "மீன் பிடிக்கவா?" என்று கேட்டான். "நரி பிடிக்க" என்றேன். அவன் வலையை மெதுவாக மடித்துக் கொடுத்து, என்னை விட்டு ஒரு அடி தள்ளி நின்றுகொண்டான்.

சாயிபு அன்பாக வரவேற்றார். கருப்பட்டிக் காப்பியும் நேந்திரங்காய் வறுவலும் வந்தன. வந்த காரியத்தைச் சொன்னதும் அவர் கையிலிருந்த வறுவல் வாய்க்குப் போகாமல் நின்றது.

"சேலத்தாரே, செத்த நரி வேணும்னா நாளைக்கே வந்து சேரும். தோல் வேணுமா, வால் வேணுமா, சொல்லும். உயிரோட எதுக்குவே?"

"முகத்தைப் பார்க்கறதுக்குங்க."

"செத்தாலும் அதே முகம்தானே வே."

நான் வழக்கத்தை விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு கடைக்குள் வேலையாக இருந்தவர்களைக் கூப்பிட்டு, அதை மறுபடியும் முதலிலிருந்து சொல்லச் சொன்னார். மாலை போடும் இடம் வந்ததும் அவர்கள் துணிக்கட்டுகளுக்குப் பின்னால் குனிந்துகொண்டார்கள். சிரித்தார்களா, எதையாவது தேடினார்களா என்று நான் எட்டிப் பார்க்கவில்லை.

மறுநாள் விடியற்காலையில் சாயிபு என்னைத் தேரூர்ப் பக்கம் அனுப்பினார். அவருக்குத் தெரிந்த தாணுபிள்ளை என்கிறவருக்கு அங்கே வயல். எங்கள் ஊரில் தண்ணீரை ஏற்றத்தில் இறைத்துக் குழந்தைக்குப் பால் புகட்டுவதுபோல் பயிருக்கு விடுவோம். இங்கே கண்ணுக்கெட்டியவரை பச்சை, அதற்குள் எங்கு பார்த்தாலும் தண்ணீர். எனக்குப் பொறாமையில் வயிறு எரிந்தது.

தாணுபிள்ளை வரப்பில் பல் தேய்த்துக்கொண்டு நின்றார். காரியத்தைக் கேட்டுவிட்டு வேப்பங்குச்சியால் எதிர் வரப்பைச் சுட்டினார். அங்கே ஒரு நரி முதுகைக் காட்டி உட்கார்ந்து, நண்டுப் பொந்தை நோண்டிக்கொண்டிருந்தது. எங்கள் ஊர் நரியைவிட ஒரு சுற்றுப் பெரியது. பட்டப்பகலில், மனிதர் பேச்சுக் கேட்டும், ஏதோ உத்தியோகத்தில் இருப்பதுபோல் அது பாட்டுக்கு வேலை பார்த்தது.

"அவனைத்தான் கேக்கியரா?" என்றார் பிள்ளை. "நண்டு தொளைச்சா வரப்பு போச்சு. வரப்பு போனா தண்ணி போச்சு. எலியானா கதிரை வெட்டிப் பொந்துல கொண்டு வச்சிரும். இவன் ரெண்டையும் திங்கான். எனக்க வயலுக்கு இவன்தான் காவக்காரன் வே. ஒம்ம ஊருக்கு நான் வந்து, ஒரு காவக்காரனைக் கொண்டு போவட்டான்னு கேட்டா நீரு குடுப்பீரா?"

எங்கள் ஊரில் நரிக்கு மாலை போடுகிறோம், கும்பிடுகிறோம். ஆனால் அது மற்ற நாளெல்லாம் என்ன தின்கிறது, எங்கே படுக்கிறது என்று யாரும் நினைத்துப் பார்த்ததில்லை. வருஷத்துக்கு ஒரு நாள் முகத்தைக் காட்டினால் போதும் என்று இருந்துவிட்டோம்.

நான் கெஞ்சினேன். தகப்பனார் பேரைச் சொன்னேன், முதல் மாலையைச் சொன்னேன், பழனியப்பனின் புது வலையைக்கூடச் சொன்னேன். பிள்ளைக்கு இரக்கம் வந்ததோ, வேடிக்கை பார்க்கும் ஆசை வந்ததோ தெரியவில்லை. "செரி, ஓடிப் பிடிச்சா கொண்டுபோவும்" என்றார்.

நரி பிடிக்கும் வம்சத்தில் பிறந்தவன் நான். வலையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினேன். நரி திரும்பிவிட்டால் அதன் முகத்தைப் பார்த்துவிடுவேனே என்று என் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு ஓடினேன். இப்படி ஓடுகிறவனுக்கு வரப்பு எங்கே முடிகிறது என்று தெரியாது. வாய்க்காலில் விழுந்தேன். வலை என் மேல் விழுந்தது. எந்த நண்டை அந்த நரி தேடிக்கொண்டிருந்ததோ, அதன் உறவுக்கார நண்டு ஒன்று என் கால் பெருவிரலைப் பிடித்துக்கொண்டது.

தாணுபிள்ளை வந்து என்னை வலையிலிருந்து பிரித்தெடுத்தார். "அங்க நரி நிக்கு, நீரு எதுக்குவே இஞ்ச பார்த்து ஓடுனீரு?" என்று உண்மையான அக்கறையோடு கேட்டார். காரணத்தைச் சொன்னேன். அவர் குனிந்து என் விரலிலிருந்து நண்டை விடுவித்தார். பிறகு வீட்டுக்கு அழைத்துப்போய் மாற்றுவேட்டி கொடுத்துச் சோறு போட்டார். சிவப்பரிசிச் சோறு, அவியல், எரிசேரி. எல்லாவற்றிலும் தேங்காய். எங்கள் வீட்டில் ஒரு தேங்காயைச் சாமிக்கு உடைத்தால் அதை வைத்து ஒரு வாரம் ஓட்டுவோம். களி தின்று வளர்ந்த என் வயிறு அன்றைக்கு ராஜ்யமே மாறிவிட்டதை உணர்ந்தது. சோறு இரண்டாம் தடவையும் போட்டார். நரியை மட்டும் தரவில்லை.

கதையைக் கேட்ட சாயிபு, "வயல்காரன் தரமாட்டான். கடக்கரைக்குப் போவும். அங்க நரியைக் கண்டா கல்லெடுக்குத ஆளுவ. பொத்திக் குடுப்பாவ" என்றார்.

அடுத்த நாள் மணவாளக்குறிச்சிக்குப் போனேன். பஸ் பாதி வழியில் நின்றது. ஆண்கள் எல்லாரும் இறங்கித் தள்ளினோம். கொஞ்ச தூரத்தில் அதற்கு உயிர் வந்து, எங்களை விட்டுவிட்டுப் போய்விட்டது. மீதி வழியை நடந்தேன். அந்தக் கடற்கரை மணல் கறுப்பு. வெள்ளைக்காரர்கள் அதைச் சாக்கில் அள்ளிச் சீமைக்கு அனுப்புகிறார்கள் என்று என்னோடு நடந்தவர் சொன்னார். மணலையே விலைக்கு வாங்குகிற உலகத்தில் நரி கேட்டு வந்த நான் அப்படி ஒன்றும் பைத்தியம் இல்லை என்று எனக்கு ஒரு தெம்பு வந்தது.

தென்னந்தோப்புக்குள் ஒரு வீட்டுப் பின்புறம் கூட்டமாக இருந்தது. கையில் கம்பும் மண்வெட்டியுமாக ஒரு குழியைச் சுற்றி நின்றார்கள். குழிக்குள் நரி. நான் எட்டிப் பார்க்கப் போய், வழக்கம் ஞாபகம் வந்து, கண்ணைப் பொத்திக்கொண்டு, "அடிக்காதீங்க, அதை நான் வாங்கிக்கறேன்" என்று கத்தினேன்.

கம்புகள் எல்லாம் என் பக்கம் திரும்பின. வீட்டுக்காரி எஸ்தரம்மாள் முன்னால் வந்தாள். கணவன் இல்லாதவள், கோழி வளர்த்துப் பிழைக்கிறவள். அவளுடைய சபைக் கோயிலில் வருஷத்துக்கு ஒருநாள் எல்லாருமாகச் சேர்ந்து உண்ணும் அசன விருந்துக்கென்று அவள் நேர்ந்துவிட்டிருந்த கோழிகளை இந்த நரி ஒவ்வொன்றாகக் கொண்டுபோயிருந்தது. மிஞ்சிய ஒற்றைக் கோழியைக் குழி மேல் கட்டி, தழையால் மூடி, கடைசியில் அதை விழ வைத்திருந்தாள். கோழி தப்பிவிட்டது; கோபம் தீரவில்லை.

"இத கொண்டுபோய் என்ன செய்யப் போறிய?" என்று கேட்டாள்.

"கோவில்ல மாலை போட்டு, எல்லாரும் முகத்தைப் பார்த்துட்டு, காட்டுல விட்டுருவோம்மா."

"மாலையா?" என்றாள். "கர்த்தருக்கு நேந்த கோழியளைத் திண்ணவனுக்கு மாலையா? எனக்கு இந்த வருசம் அசனத்துக்குக் கொண்டுபோவ ஒண்ணும் இல்ல. வெறுங்கையாட்டு எப்பிடிப் போவேன்? இவனுக்கு மாலையாம்."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. நானும் கோவிலுக்கு வெறுங்கையோடு போகப் பயந்துதானே இத்தனை தூரம் வந்திருக்கிறேன். அதைத்தான் அவளிடம் சொன்னேன். இரண்டு வருஷம் வெறும் வலையோடு கோவில் வாசலில் நின்றதையும், தகப்பனார் பேரைக் கெடுத்துவிட்டேனே என்று வீட்டுக்குப் பின்னால் போய் அழுததையும் சொன்னேன். அதை என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.

எஸ்தரம்மாள் குழியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "கொண்டு போங்க அண்ணாச்சி. ஆனா இவன் திரும்ப இஞ்ச வரப்பிடாது. சத்தியம் பண்ணணும்."

சத்தியம் செய்தேன். கூடவே ஒரு சேலம் சேலையை அவள் கோயிலுக்குக் காணிக்கையாக அனுப்புவதாகவும் சொன்னேன். அதைச் சாயிபு மூலம் பிறகு அனுப்பியும் விட்டேன்.

குழிக்குள் நான் பின்பக்கமாக இறங்கினேன். அந்த ஊர் அதுவரை அப்படி ஒரு காட்சியைப் பார்த்திருக்காது. மீன்வலை கொடுத்து உதவியவர்கள் மேலே நின்று, "எடத்த பாத்து, அண்ணாச்சி, வலத்த பாத்து" என்று எனக்குக் கண்ணாக இருந்தார்கள். நரி என் வேட்டியின் பின்பக்கத்தில் ஒரு பெரிய துண்டை எடுத்துக்கொண்டது. ஒருவழியாக அதன் தலையில் துணி விழுந்தது. கடவம் என்று அவர்கள் சொல்லும் இரண்டு பெரிய பனையோலைக் கூடைகளை வாயோடு வாய் வைத்து, அதற்குள் நரியைப் போட்டுக் கட்டினார்கள். அதன் மேல் என் புது வேட்டியைச் சுற்றினேன். கிழிந்ததை நான் கட்டிக்கொண்டேன்.

புறப்படுமுன் எஸ்தரம்மாள் மரச்சீனி என்கிற மரவள்ளிக் கிழங்கும் மீன்கறியும் போட்டாள். கறியின் காரத்தில் என் கண்ணில் நீர் கொட்டியது. அழுகிறேன் என்று நினைத்து இன்னும் இரண்டு துண்டு மீன் வைத்தாள்.

திரும்பும் வழியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதல் பஸ்ஸின் கண்டக்டர் கடவத்தில் என்ன என்று கேட்டார். சொன்னேன். இறக்கிவிட்டார். அடுத்த பஸ்ஸில் கருவாடு என்று சொன்னேன். கருவாடு உறுமியதும் அங்கேயும் இறக்கிவிட்டார்கள். தேங்காய்மட்டை ஏற்றிப்போன ஒரு மாட்டுவண்டிக்காரர் மட்டும் ஒன்றும் கேட்காமல் ஏற்றிக்கொண்டார். அவருக்குக் காது கேட்காது. மாடுகளுக்கு மூக்கு நன்றாக வேலை செய்தது. நாங்கள் ஆரல்வாய்மொழிக்கு எதிர்பார்த்ததைவிட வெகு சீக்கிரம் வந்து சேர்ந்தோம்.

சவுக்கையில் அதிகாரியான வேறொரு பிள்ளை மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். "என்னவே கடவத்துல?"

"நரிங்க."

"நல்லமொளகுன்னு சொல்லும், ஒரு நியாயம் உண்டு. துணியை எடும்."

மிளகை வரி கட்டாமல் ஒளித்துக் கடத்துகிறவர்களை அவர் நிறையப் பார்த்தவர். புது வேட்டி சுற்றிய கடவமும் கிழிந்த வேட்டி கட்டிய ஆளும் அவருக்கு எப்படித் தெரிந்திருக்கும் என்று இப்போது புரிகிறது.

"எடுக்கக் கூடாதுங்க. முகத்தைப் பார்த்தா ஊருக்கு ஆகாது."

"யாருக்க முகத்தை?"

"நரியோட முகத்தைங்க."

அவர் சேவகனைப் பார்த்தார். வலையை மடித்துக் கொடுத்த அதே சேவகன். "இந்த ஆளு போவும்போதே ஒரு மாதிரியாக்கும்" என்றான் அவன்.

நான் கடவத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். தொட விடவில்லை. பேசாமல் துணியை விலக்கி ஓலை இடுக்கு வழியாக வாலைக் காட்டியிருந்தால் காரியம் முடிந்திருக்கும். வாலைப் பார்க்கக் கூடாது என்று எந்த வழக்கமும் இல்லை. அது எனக்கு ஊர் வந்து சேர்ந்த பிறகுதான் தோன்றியது. நான் அடம்பிடிக்கப் பிடிக்க அவருக்குச் சந்தேகம் வலுத்தது. சேவகன் என்னைப் பிடித்துக்கொண்டான். பிள்ளை கட்டை அறுத்து, மேல் கடவத்தைத் தூக்கினார்.

உறுமிக்கொண்டு ஏதோ வெளியே பாய்ந்தது. பிள்ளை கண்ணை இறுக மூடிக்கொண்டு நாற்காலியோடு மல்லாந்தார். சேவகன் என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தான். தலைத்துணியை உதறிவிட்டு நரி சாலையைத் தாண்டி மலைப்பக்கம் ஓடியது. ஓடினது, நின்றது, திரும்பி என்னைப் பார்த்தது.

இத்தனை நாள் கண்ணைப் பொத்தியவன், அந்த நேரத்தில் முகத்தைத் திருப்ப மறந்துவிட்டேன். ஒரு காது கிழிந்திருந்தது. மூக்கில் குழி மண் ஒட்டியிருந்தது. கருப்பட்டிக் காப்பி நிறத்தில் கண்கள். அதில் அதிர்ஷ்டம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. பயந்துபோன, பசித்த, வீடு எந்தப் பக்கம் என்று தெரியாத ஒரு பிராணி நின்றது. நானும் அதே நிலையில்தான் நின்றேன். அது புதருக்குள் போய்விட்டது. நான் மண்ணில் உட்கார்ந்து அழுதேன்.

பிள்ளை எழுந்து தூசியைத் தட்டினார். "நரிக்கு வரி இல்ல. நீரு போலாம்" என்றார்.

கரிநாளன்று கோவில் வாசலில் மூன்றாவது தடவையாக வெறுங்கையோடு நின்றேன். ஏதாவது பொய் சொல்லலாம் என்று வழியெல்லாம் யோசித்து வந்தேன். நடந்தது எந்தப் பொய்யையும்விட நம்ப முடியாததாக இருந்ததால் நடந்ததையே சொன்னேன். என் மனைவி தலையைக் குனிந்துகொண்டாள்.

"நரியோட மூஞ்சியைப் பார்த்தியா?" என்று பூசாரி கேட்டார்.

"பார்த்தேன்."

"அதும் உன்னைப் பார்த்துச்சா?"

"பார்த்துச்சுங்க."

பழனியப்பன் துள்ளி எழுந்தான். "அப்ப ஊருக்கு வர வேண்டிய அதிர்ஷ்டம் பூராவும் இவன் ஒருத்தன்கிட்டத்தான் இருக்குது. கேளுங்க இவனை."

என்னைக் கவிழ்க்கத்தான் சொன்னான். பூசாரி நரிக்கென்று கட்டி வைத்திருந்த மாலையைக் கையில் எடுத்தார். "இருக்கிற எடத்துலருந்துதான் எடுத்துக்கணும்" என்றார்.

என் முகத்தில் துணியைப் போட்டார்கள். கோவிலுக்குள் தூக்கிப்போனார்கள். மாலை விழுந்தது. துணியை எடுத்ததும் ஊரே வரிசையாக வந்து என் முகத்தைப் பார்த்துக் கும்பிட்டுப் போனது. கைக்குழந்தைகளைத் தூக்கிக் காட்டினார்கள். சிரிக்காமல் நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று நரிக்குத் தெரிந்திருக்காது. என் மனைவி வரிசையில் வந்து, மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தாள். முதல் மாலை எங்கள் வீட்டை விட்டுப் போகவில்லை. என் கழுத்தில் கிடந்தது. காலில் கயிறு கட்டி ஓடவிட்டபோது கயிற்றைப் பிடிக்கப் பழனியப்பன் முந்திக்கொண்டான். மூன்று சுற்றுக்குப் பதிலாக அவன் என்னை நான்கு சுற்று ஓடவிட்டான்.

கடைசியில் காட்டோரம் கொண்டுபோய் அவிழ்த்துவிட்டார்கள். கண்ணுக்கு மறையும்வரை யாரும் நகரக்கூடாது என்பது வழக்கம். நானும் ஒரு முள்புதருக்குப் பின்னால் போய்க் குந்திக்கொண்டேன். போகுமுன் என்னை அறியாமல் நின்று, திரும்பி ஒரு தடவை அவர்களைப் பார்த்தேன். கூட்டம் கலைந்து வெகுநேரம் கழித்து, "பொங்கல் ஆறுது, வாங்க" என்று என் மனைவியின் குரல் கேட்டது.

அந்த வருஷம் மழை பெய்தது. பெய்கிற வருஷத்தில் பெய்யத்தான் செய்யும். ஆனால் மறு வருஷம் நான் வலையை எடுத்து உதறியபோது, "அதெதுக்கு? நீ இருக்கியே" என்றார் பூசாரி. பழனியப்பன் தன் வலையைக் கோழிகளை மூட வைத்துக்கொண்டான். வருஷா வருஷம் நான்தான் ஊர் நரி.

போன மார்கழியில் என் கடலைக்காட்டுக்கு விடியலில் போனேன். வரப்பில் ஒரு நரி எலிப் பொந்தை நோண்டிக்கொண்டிருந்தது. எங்கள் ஊர்ச் சின்ன நரி. காட்டுக்குத் திரும்பி வந்துவிட்டது. யாரிடமாவது சொன்னால் பழைய வலைகள் எல்லாம் வெளியே வரும், எனக்கும் விடுதலை கிடைக்கும். காவக்காரனைக் குடுப்பீரா என்று தாணுபிள்ளை கேட்டது ஞாபகம் வந்தது. சத்தமில்லாமல் வீட்டுக்கு வந்து, கரிநாளுக்கு முதல் நாள் நாவிதரைக் கூப்பிட்டு முகத்தை நன்றாகச் சவரம் செய்துகொண்டேன்.